சொந்தமா, அந்நியமா?

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பெற்ற அப்பா வேறு, காகிதத்தில் உள்ள அப்பா வேறு. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. என்னைத் தன் மகனென்று பதிந்துவிட்டார். நான் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினாலும், அந்தக் காகிதத்தால்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி.

மகளுக்குப் பதினான்கு வயதில் கை நடுங்கியது, பேச்சு குழறியது. ஈரலில் செம்பு சேரும் பரம்பரை நோய் என்றார் டாக்டர். அவள் தம்பிக்கும் இருக்கலாம், நால்வர் ரத்தமும் எடுத்து வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"மனுஷனோட ஜீன் மொத்தத்தையும் இப்ப படிச்சிட்டாங்க. உங்க பரம்பரையே ரத்தத்துல இருக்குங்க. பையனுக்கு நோய் தெரியறதுக்கு முன்னாடியே மாத்திரை குடுத்துடலாம்."

பரம்பரை என்ற சொல்தான் என் காதில் நின்றது. வெளியூர் போகும் ரத்தத்தில் பெற்ற அப்பா யாரென்று தெரிந்து, அது பிரெஞ்சு கான்சலேட்டுக்குப் போனால்?

"சொந்தத்துல கட்டினீங்களா, அந்நியமா?"

சொந்தம் என்றால் அப்பா யாரென்று பேச்சு வரும். "அந்நியம்" என்றேன்.

என் மனைவி திரும்பினாள். "இன்னா மாமா, நான் அந்நியமா? எங்கம்மா இவரு அப்பாவோட தங்கச்சி, சார்."

"அப்பா பேரு?" என்று டாக்டர் பேனாவை எடுத்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "காகிதம் போனா போவுது. புள்ள போனா எந்தக் காகிதத்துல கொண்டாருவ?"

மறுநாளே போனோம். "எங்கப்பா யாருன்னு இதுல தெரியுமா, சார்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"அதை நான் தேடலங்க. பையனுக்கு அப்பா நீங்கதானே?"

"அதுல சந்தேகம்னா என்னைக் கேளுங்க" என்றாள் மனைவி. நர்சுகூடச் சிரித்தார்.

மகனுக்கும் இருந்தது. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே செம்பு சேர்ந்துகொண்டிருந்தது. மாத்திரை தொடங்கினார்கள். மகளுக்குப் பேச்சு பாதிதான் திரும்பியது.

மீதி ரத்தம் எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றார்கள். யாருக்குப் பத்திரம் என்று கேட்க வாய் வரவில்லை. நான் கடத்திய இரண்டு மாதத்தால் மகனுக்குக் கெடுதல் இல்லை என்கிறார் டாக்டர். அதையும் முழுதாக நம்பவில்லை. மகன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் நின்று அவன் விரல்களைப் பார்க்கிறேன். இதுவரை நடுங்கவில்லை.

புதுச்சேரி, 11 பிப்ரவரி 2008, திங்கட்கிழமை.