சின்னன் ஒண்டு அழுகுது

அந்தக் கறுப்புத் தகடு என் இரண்டு உள்ளங்கைகளிலும் கிடந்த கணம் இன்னும் நினைவில் இருக்கிறது. வீட்டுப் பின்வளவில் நிறுத்தியிருந்த கரவன் என்கிற சக்கர வீட்டுக்கு அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். கரவனின் அடிப்பாகத்தை முழுதாக மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு அது. தேர்தல் நேரத்தில் வேலிகளில் கட்டுகிற விளம்பரப் பலகை மாதிரி இலேசானது. அதற்கும் தரைப் பலகைக்கும் இடையில் குளிர் ஏறாமலிருக்கப் பஞ்சு அடைத்திருக்கும். தண்ணீர்க் குழாய்களும் அதற்குள்தான் ஓடும். நான் தகட்டை மேலே தள்ளிப் பிடிக்க, கணவர் அதை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒவ்வொரு ஸ்குரூவாக முடுக்கிக்கொண்டு வந்தார். மழை இருட்டிக்கொண்டு நின்றது. தகட்டுக்கு மேலே ஏதோ மெல்ல அசைவதை என் கை உணர்ந்தது. பஞ்சு சரிகிறது என்று நினைத்தேன். “கெதியாப் பிடியும், தூறத் தொடங்கீட்டுது” என்றார் அவர். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அந்தக் கரவனில் என் மச்சாள் குடியிருந்தார், கணவரின் அக்கா. இலங்கையின் வன்னியில் போரின் கடைசி மாதங்களைப் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் கழித்தவர். கணவனை அங்கேயே பறிகொடுத்துவிட்டுப் பல வருடங்களின் பின் நியூசிலாந்தில் மவுண்ட் ரோஸ்கில்லுக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். வீட்டில் அறைகளெல்லாம் பிள்ளைகளிடம் இருந்தன. “எனக்கெண்டு ஒரு கதவு இருந்தாப் போதும்” என்று அவரே கரவனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம் அது அவருடைய விருப்பம் என்று சொன்னோம். எங்களுக்கும் அதுவே வசதி என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. மச்சாளின் காது மிகக் கூர்மையானது. எங்கள் கார் தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை இனங்கண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், பஸ்ஸைக் காணும் முன்னரே “வருது” என்று பையைத் தூக்கிக்கொள்வார்.

அந்தக் கோடையில் கரவனின் அடியில் ஒரு குழாய் ஒழுகியது. தகட்டின் ஒரு பக்கத்தைக் கழற்றினோம். ஊறிய பஞ்சு கட்டி கட்டியாக முகத்தில் விழுந்தது. தேவையான இணைப்புத் துண்டு கடையில் இல்லை, வரவழைக்க வேண்டியிருந்தது. அது வரும்வரை தகடு ஒரு பக்கம் தொங்கியபடியே கிடந்தது. பழுப்புப் பூனை ஒன்று அந்நாட்களில் வேலியோரம் திரிந்ததை நான் கண்டிருக்கிறேன். துண்டு வந்ததும், உள்ளே ஒரு தடவை டோர்ச் அடித்துப் பார்க்காமல், மழைக்கு முந்தவேண்டும் என்ற அவசரத்தில் மூடினோம்.

அடுத்த நாள் காலை மச்சாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். “கரவனுக்குக் கீழ சின்னன் ஒண்டு அழுகுது” என்றார். கணவர் போய்ச் சிறிது நேரம் நின்று பார்த்தார். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று வந்துவிட்டார். மாலையில் நான் போனபோது மச்சாள் தரைவிரிப்பை மடித்துவிட்டு, பலகையில் காதை வைத்துக் கவிழ்ந்து படுத்திருந்தார். அந்தக் காட்சி என்னைப் பயமுறுத்தியது. “அக்காவுக்குப் பழைய ஞாபகம் வருது போல. பங்கருக்குள்ள எத்தினை பிள்ளையள் அழுதிருக்கும்” என்று கணவர் தணிந்த குரலில் சொன்னார். எனக்கும் அது முற்றிலும் பொருத்தமாகப் பட்டது. என் உள்ளங்கையில் உணர்ந்த அசைவு அப்போது நினைவுக்கு வரவே இல்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் மெனக்கெடவில்லை.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவள் நான். “சின்னன் ஒண்டு அழுகுது எண்டு சொல்லு” என்றார் மச்சாள். எங்கள் பேச்சில் சின்னன் என்றால் குழந்தையும்தான், குஞ்சும் குட்டியும்தான். நான் “பேபி” என்று சொன்னேன். கேட்காமலே போரைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். டொக்டரின் முகம் கனிந்தது. நித்திரைக்கும் மனஅமைதிக்கும் மாத்திரை எழுதித் தந்தார். இரண்டொரு நாளில் மச்சாள் “இப்ப நிண்டிட்டுது” என்றார். மாத்திரை வேலை செய்கிறது என்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். அன்று நான் பாயாசம்கூடக் காய்ச்சினேன்.

பிறகு நாற்றம் தொடங்கியது. எலி செத்துக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு, கணவரும் நானும் மறுபடி அடியில் நுழைந்து ஸ்குரூக்களைக் கழற்றினோம். தகடு என் பக்கம் சரிந்தபோது பஞ்சோடு சேர்ந்து அவை வந்தன. மூன்று பூனைக்குட்டிகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழாய் உள்ளே போகும் துளையின் பக்கம் தலை வைத்துக் கிடந்தன. தகட்டில் அந்த ஓரமெல்லாம் நகக்கீறல்கள்.

நாங்கள் வெளியே வராததைக் கண்டு மச்சாள் குனிந்து பார்த்தார். அவர் அழவில்லை. ஒரு பழைய துவாயை எடுத்து வந்து மூன்றையும் அதில் வைத்தார். எலுமிச்சை மரத்தடியில் கணவர் குழி வெட்டினார். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. மறுபடி தகட்டைத் தூக்கிப் பொருத்தப் போனபோது, “பொறுங்கோ” என்று மச்சாள் தானே அடியில் நுழைந்து, இடுக்கு இடுக்காகக் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகுதான் மூட விட்டார்.

அன்று மாலை அவரிடம் போனேன். “மச்சாள், டொக்டரிட்ட நான் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றேன்.

“ஓம், தெரியும். நீ பேபி எண்டு சொல்லேக்கையே விளங்கினது. அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கும்.”

“அப்ப ஏன் மச்சாள் சொல்லேல்ல?”

“நீ படிச்சவள், சரியாத்தான் சொல்லுவாய் எண்டு இருந்திட்டன். பிறகு எனக்கே சந்தேகமாப் போட்டுது.” துவாயைத் தோய்த்துப் பிழிந்துகொண்டே சொன்னார்: “நான் பொய் சொல்லுறன் எண்டு நீங்கள் நினைச்சிருந்தா சண்டை பிடிச்சிருப்பன். எனக்கு ஏதோ நோய், வருத்தம் எண்டு நினைச்சியள். அதுக்கு என்னெண்டு சண்டை பிடிக்கிறது?”

மாத்திரையை நிறுத்தினோம். எங்கள் மூத்த மகள் படிக்க வெலிங்டன் போனதும் அந்த அறையை மச்சாளுக்குக் கொடுத்து, கரவனை விற்றோம். ஆனால் அவருடைய காது பழையபடி இல்லை. டொக்டர் பரிசோதித்துக் கேட்கும் திறனில் ஒரு குறையும் இல்லை என்கிறார். எங்கள் கார் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் மச்சாள் எழும்புவதில்லை. அடுப்பில் குக்கர் விசிலடித்தால் என்னைப் பார்த்து, “உனக்கும் கேக்குதோ?” என்கிறார். நான் ஓம் என்ற பிறகுதான் போய் நிறுத்துகிறார்.

போன கிழமை இருவரும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மச்சாள் கையை நிறுத்தினார். “கேற்றடியில ஆரோ கூப்பிடினம் போல. உனக்கும் கேக்குதோ?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “பொறுங்கோ, பாத்திட்டு வாறன்” என்று வெளியே போனேன். பக்கத்து வீட்டு வாசலில் கூரியர்காரர் ஒருவர் பார்சலோடு நின்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஓடி வந்து, “ஓம் மச்சாள், நீங்கள் சொன்னது சரி! பக்கத்து வீட்டில கூரியர்” என்றேன்.

மச்சாள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“உண்மையாத்தானே? எனக்காகச் சொல்லேல்லையே?”

“உண்மையாத்தான், வாங்கோ, வந்து பாருங்கோ.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் பின்னால் கேற் வரை வந்தார். அதற்குள் கூரியர்காரர் தன் வாகனத்தில் ஏறிப் போய்விட்டிருந்தார். வெறும் தெருவை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். “சரி, வா” என்று மச்சாள் என் கையை மெல்லத் தட்டிவிட்டு உள்ளே போனார்.