தேயிலைப் பெட்டிமேல் ஒரு சார்ஜர்

ஆய்வுகூடத்தில் பொருள்களை அடுக்கிவைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மின்சாதனம் எதுவும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. தன் இரைச்சலை அதே வயர் வழியாகத் திருப்பி அனுப்பும். அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடினால் நம் ரேடியோ கரகரப்பது அதனால்தான். பதுளையில் அந்த இரைச்சலை அளப்பது என் வேலை. அளப்பது கருவிதான், அடுக்குவது நான். சாதனம் எண்பது சென்டிமீட்டர் உயரத்தில், பின்னால் நிற்கும் உலோகத் தகட்டிலிருந்து நாற்பது தள்ளி இருக்கவேண்டும். மிஞ்சிய வயரைச் சுருட்டாமல் மடித்துக் கட்டவேண்டும். மேசை மரமாக இருக்கவேண்டும், உலோகம் ஆகாது; சாதனத்துக்கு அடியில் உலோகம் இருந்தால் இரைச்சலைக் கூட்டிக் காட்டும்.

எங்கள் மேசைகளுக்கோ இரும்புக் கால். புதியது கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் தேயிலைப் பெட்டிகள் இரண்டை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். அப்பா தொழிற்சாலையில் வாங்கிய பழைய பலகைப் பெட்டிகள். ஒன்றில் அம்மாவின் சேலைகளும் மற்றதில் என் பாடப்புத்தகங்களும் இருந்தன. விளிம்புத் தகரங்களைப் பிடுங்கி, படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். சரியாக எண்பது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்மேல் முதலில் ஏறியது ஒரு முஸ்லிம் வியாபாரியின் சார்ஜர். அண்ணன் முறைக்கு அவரை நானா என்பேன். அவருக்குப் பதுளை டவுனில் கடை. கொழுந்து வெட்டும் மெஷின்களின் பேட்டரிக்கு வெளிநாட்டுச் சார்ஜர்களைத்தான் விற்றுவந்தார். தோட்டத்துக் கரண்டு ஏறி இறங்குவதில் அவை சீக்கிரம் செத்துப்போக, கடையின் பின்னறையில் தானே ஒன்றைச் செய்துவிட்டார். அடுத்த வாரம் அதற்குக் கொழும்பில் சான்றிதழ்ச் சோதனை. என்னிடம் வந்தது வெள்ளோட்டத்துக்கு.

“இது சரிவரல்லண்டா பின் ரூம பொஞ்சாதிட குடை யாவாரத்துக்குக் குடுத்துர்றேண்டு வீட்ல சொல்லிட்டு வந்தேன், தங்கச்சி. அவளும் எத்தின நாளைக்கித்தான் பொறுப்பா?” என்றார்.

கருவியைப் போட்டேன். திரையில் இரைச்சல் கோடு ஏறியது, அனுமதித்த எல்லையைத் தாண்டியது. வயரை அவிழ்த்து மடித்துக் கட்டினேன். தாண்டியது. எர்த் இணைப்பைத் துடைத்து முடுக்கினேன். அப்போதும் தாண்டியது. எனக்கு எரிச்சல் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“வுடுங்க தங்கச்சி. குடையும் நல்ல யாவாரம்தான். இங்க மழைக்கா பஞ்சம்?” என்று சிரித்தபடி, நான் நிறுத்துவதற்கு முன்பே சார்ஜரின் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

கோடு இறங்கியது.

“நானா, கீழ வைங்க!” என்று கத்திவிட்டேன்.

பயந்து வைத்தார். ஏறியது.

“திரும்பத் தூக்குங்க.”

இறங்கியது. நான் மேல்பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பழைய பத்திரிகையை நகத்தால் கீறினேன். உள்ளே பளபளவென்று ஈயத்தாள். தேயிலை நமுத்துப்போகாமல் இருக்கப் பெட்டி முழுக்க ஒட்டுவார்களே, அதே தாள். சின்ன வயதில் நான் அதை உரித்து உரித்துக் கிரீடம் செய்ததைப் பொறுக்கமாட்டாமல்தான் அப்பா மேலே பத்திரிகை ஒட்டினார். உலோகம் ஆகாதென்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், உள்ளே முழுக்க உலோகம் பூசிய மேசையைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறேன்!

“ஆனைக்கும் அடி சறுக்கும் தங்கச்சி,” என்றார் நானா. அவர் குரலில் உயிர் வந்திருந்தது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கரண்டியால் சுரண்டினோம். அப்பா நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். பலகை தெரியும்வரை உரித்துவிட்டு, பெட்டிகளை மறுபடி அடுக்கி, அளந்து, சார்ஜரை வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். கோடு எல்லைக்குக் கீழேயே ஓடி முடிந்தது.

“இதே மாதிரி அங்கயும் வரும், நானா. தைரியமா கொண்டு போங்க.”

அவர் கைகளில் ஒட்டியிருந்த ஈயத் துணுக்குகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனை எடுத்தார்.

“குடையெல்லாம் வந்துட்டா?” என்று மனைவியிடம் கேட்டார். பிறகு, “அப்ப அத நம்ம படுக்குற ரூம்ல வை,” என்றார்.