பத்து ஆட்டத்துக்குப் பதினான்கு விநாடி

திங்கள், காலை 7.15. சென்னை சென்ட்ரலிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. பெங்களூர் 362 கிலோமீட்டர். என் பத்து மாதப் பெண் அபியைத் தூக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எழுப்பி ஒரு முத்தம் கொடுத்திருக்கலாம் என்று பேசின் பிரிட்ஜில் தோன்றியது. எழுப்பியிருந்தால் அழுதிருப்பாள், எழுப்பாததே நல்லது என்று பெரம்பூரில் தோன்றியது. வில்லிவாக்கத்தில் இந்த ரயில் நிற்காது. எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய தெருவில்தான். மொட்டை மாடிக் கொடியில் அவளுடைய துணிகள் காய்வது ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

குஜராத்தில் நிலம் நடுங்கிய மறு வருடம் அது. பிப்ரவரி மாதம். ரயில் பெட்டிகளின் ஆட்டத்தை ஆராயும் துறையில் நான் இளநிலை ஆய்வாளர். பாலத்தின் மேல் ரயில் நிற்கும்போது பூகம்பம் வந்தால், அந்த ரயில் பாலத்தின் தூணுக்குப் பாரமாகுமா, அல்லது தன் ஸ்பிரிங்குகளின் ஆட்டத்தால் தூணின் ஆட்டத்தைத் தணிக்குமா? இதைச் சோதிக்க ஒரு தூண் மாதிரியைச் செய்து பெங்களூருக்கு அனுப்பியிருந்தோம். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பூகம்பத்தைப் போலவே ஆட்டிக் காட்டும் இரும்பு மேடை இருக்கிறது. "குழந்தை சின்னது, முடியுமா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று எங்கள் பேராசிரியர் கேட்டபோது, யோசிக்காமலே முடியும் என்று சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை ராத்திரிக்குள் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

காட்பாடி தாண்டி, பெட்டி ஆடும் விதத்தை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஆம்பூர் போகும் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதுற?"

"ரயில் எப்படி ஆடுதுன்னு."

"இதுக்கா படிச்ச? ஆடாம ஓட்டச் சொல்லிட்டுப் போவியா!"

இரண்டு வடை வாங்கி அவருக்கும் ஒன்று கொடுத்தேன். ஜோடி எட்டு ரூபாய்.

பகல் 12.50. கண்டோன்மென்ட் ஸ்டேஷன். வெயில் இருந்தும் உறைக்கவில்லை. மர்பி டவுனுக்கு ஆட்டோ இருபத்தெட்டு ரூபாய். ஆய்வுக்கூடத்தின் விருந்தினர் அறைகள் நிரம்பிவிட்டதால், அங்கே டெக்னீஷியனாக இருக்கும் தாஸ் அண்ணன் வீட்டில் எனக்கு இடம் ஏற்பாடாகியிருந்தது. இரண்டு அறை, தகர வாசல், சுவரில் மாதா படம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தார்.

"பால் கட்டிக்கிச்சா? வாயைத் தொறந்து சொல்ல மாட்டியா? உள்ள வா."

வெந்நீரும் பழைய வேட்டித் துணியும் கொடுத்து, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். காலையிலிருந்து கட்டியிருந்த பாலைத் தரையில் பீய்ச்சி விட்டேன். தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். பயணம் போகும் தாய்மார்கள் யாராவது படித்தால் பயன்படும் என்று எழுதுகிறேன்.

செவ்வாய், காலை 7.30. தாஸ் அண்ணனோடு பஸ்ஸில் கிளம்பினேன். அல்சூரிலிருந்து சில்க் போர்டு, அங்கே மாறி ஓசூர் ரோடு. பொம்மனஹள்ளியில் பாதிப் பஸ் இறங்கியது, அதே அளவு ஏறியது. ஹெப்பகோடிக்கு முன்னால் இறங்கினோம். ஒருவருக்குப் பதினொரு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம்.

ஆய்வுக்கூடம் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கிடங்கு. உள்ளே தரையோடு தரையாக இரும்பு மேடை. அதன் மேல் எங்கள் தூண், ஒன்றரை ஆள் உயரம். தூணின் தலையில், ஸ்பிரிங்குகளோடு ஒரு குட்டி ரயில் பெட்டி. மேடைக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டம். தூண் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் கருவி அந்தச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. உச்சிக்கு எட்டுவதற்காகப் பக்கத்தில் இரும்புக் கால்களின் மேல் பலகை போட்டிருந்தார்கள்.

"இங்கே பூகம்பம் வருமா அண்ணே?"

"பெங்களூர்ல எங்க மேடம் வரும்? வராதுன்னுதான் கரன்ட் பில் கட்டி நாங்களே பண்ணிக்கிறோம்!"

அன்று முழுவதும் கருவிகளைப் பொருத்தினோம். சாயங்காலம் மர்பி டவுன் தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். மூன்று நிமிடம், பதினான்கு ரூபாய் நாற்பது காசு. மாமியார் எடுத்தார்.

"நல்லா இருக்கா. புட்டிப்பால் குடிக்கிறா. உன்னைத் தேடவே இல்லம்மா, நீ கவலைப்படாம வேலையப் பாரு. இந்த நாலு நாள்ல தாய்ப்பாலையும் மறந்துடுவா, ஒரு வேலை முடிஞ்சுது."

என்னைத் தேற்றத்தான் அத்தை அப்படிச் சொன்னார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ரிசீவரை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பூத்திலேயே நின்றேன். வெளியே காத்திருந்தவர் கண்ணாடியைத் தட்டினார்.

வீட்டில் ஸ்டெல்லா அக்காவுக்கு உதவியாகக் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரைத் தூங்க வெக்கிற நீ?" என்று சிரித்தார். எனக்குப் புரியவில்லை. சும்மா சிரித்துவைத்தேன்.

புதன். பேராசிரியர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். குட்டிப் பெட்டியில் பயணிகளின் எடைக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கினோம். மூட்டை ஒன்று எட்டு கிலோ. அபி எட்டு கிலோ இருநூறு கிராம். முதல் மூட்டையைத் தூக்கியபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மூட்டைகளையும் நானே ஏற்றிவைத்தேன். தாஸ் அண்ணன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

வியாழன், காலை 9.30. மதியம் இரண்டே முக்காலுக்குக் கண்டோன்மென்டில் ரயில். சோதனை முடிந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் பிடித்துவிடலாம். ஆட்டுவதற்கு முன் எல்லாம் அசையாமல் இருக்கும்போது ஒரு பதிவு எடுப்பார்கள். பேனா தாளில் நேர்கோடு போட வேண்டும். எங்கள் கருவியின் பேனா நேர்கோடு போடவில்லை. சின்னச் சின்ன அலைகளை, வரிசையாக, ஒரே அளவில் போட்டது.

கருவி என் பொறுப்பு. பதிவின்போதும் ஃபைலோடு பலகை மேல்தான் நின்றிருந்தேன். அங்கிருந்தே இணைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "இன்னும் வருது மேடம்" என்று கீழேயிருந்து தாஸ் அண்ணன் கத்தினார். வயரை மாற்றினோம். நான் மேலே ஏறிப் பார்த்தேன். அலை வந்தது. கருவியையே மாற்றினோம். மறுபடி ஏறினேன். அதே அலை. மணி பதினொன்றே கால்.

தாளை மேஜையில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தேன். விநாடிக்குப் பத்து மில்லிமீட்டர் ஓடும் தாள். பத்து அலைக்கு நூற்று நாற்பது மில்லிமீட்டர். அதாவது பதினான்கு விநாடி. எந்த மோட்டாரும் இவ்வளவு மெதுவாக ஆடாது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கிறது ஒரே மாடல். ஒரு தடவைதான் உடைக்க முடியும். இது என்னன்னு தெரியாம நான் ஆட்ட மாட்டேன். நாளைக்கு மேடை வேற ஆளுங்களுக்கு. சனிக்கிழமை வெச்சுக்கலாம்மா."

சனிக்கிழமை. புட்டியில் இன்னும் இரண்டு நாள். தலையை ஆட்டினேன். அவர் சொன்னதுதான் முறை.

"மெயின் ரோட்டுல லாரி போகுதே, அதுவா இருக்குமா?" என்றார் அவர்.

தாஸ் அண்ணன் தாளைத் தூக்கிப் பார்த்தார். "லாரின்னா குத்துக் குத்தா வரும் சார். இப்படித் தாலாட்டாது."

அந்த வார்த்தை காதில் விழுந்தபோது ஃபைல் என் இடது இடுப்பில் இருந்தது. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தேன். என் உடம்பு இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தினேன். ஸ்டெல்லா அக்கா எதற்குச் சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஃபைலோடு பலகையில் ஏறினேன். கம்பியைப் பிடித்து அசையாமல் நின்றேன். "இப்போ போடுங்க அண்ணே."

"நேர்கோடு மேடம்! எதைத் தொட்டீங்க?"

ஃபைலை இடுப்பில் வைத்து, வீட்டில் அபியை ஆட்டுவது போல ஆட்டினேன்.

"அய்யோ, வந்துடுச்சு!"

குனிந்து பார்த்தேன். இடம் போதாமல், பலகையின் ஒரு காலைக் கருவி இருக்கும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அசையாமல் நிற்பவர்கள் ஏறியபோதெல்லாம் அதனால் ஒன்றும் கெடவில்லை. என் ஆட்டம் அந்தக் கால் வழியே சட்டத்துக்கும் கருவிக்கும் போயிருக்கிறது.

பேசாமல் கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முடியுமா என்று என்னைக் கேட்ட மனிதர் கீழே நிற்கிறார். உண்மையைச் சொன்னால் அடுத்த முறை என்னிடம் கேட்கவே மாட்டார். ஆனால் காரணம் தெரியாமல் அவர் ஆட்ட மாட்டார், எனக்கு ரயிலும் இல்லை. நான் உண்மையைச் சொன்னது ஆய்வுக்காகவா, இரண்டே முக்கால் ரயிலுக்காகவா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இறங்கி வந்து சொன்னேன். "சார், அந்த அலை நான்தான். குழந்தையைத் தூக்கி வெச்சிருக்கிற மாதிரி நின்னுட்டு ஆடிட்டிருக்கேன். எனக்கே தெரியாது."

தாஸ் அண்ணன் முதலில் வாயைப் பொத்தினார், பிறகு முடியாமல் விட்டுவிட்டார். "அப்போ மோட்டாரே வேணாம் சார், மேடத்தையே மேடையில நிறுத்திடலாம்!"

பேராசிரியர் சிரிக்கவில்லை. தாளை இன்னொரு முறை பார்த்தார். "என் வீட்டுல ரேஷன் கடை வரிசையில இப்பவும் இப்படித்தான் நிப்பாங்க. பையனுக்கு இருபத்தாறு வயசு" என்றார். பிறகு, "கட்டை அவிழுங்க தாஸ். ஆரம்பிக்கலாம்."

11.50. சைரன் ஊதியது. இருபது விநாடி. இரும்பு மேடை இரைந்து குலுங்க, தூண் நடுங்கியது. அதன் தலையில் குட்டிப் பெட்டி மட்டும் தன்னுடைய நிதானத்தில் அசைந்துகொண்டிருந்தது. தூணின் அடியில் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடி நின்றது. பெட்டி தூணுக்குப் பாரமா துணையா என்பதை நான் இங்கே எழுதக் கூடாது. அறிக்கை இன்னும் வரவில்லை.

அலைகள் இருந்த தாளைக் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அது டேட்டா இல்லம்மா, எடுத்துக்குங்க" என்றார் பேராசிரியர்.

12.40. ஆட்டோக்காரர் கண்டோன்மென்டுக்கு நூற்று எழுபது கேட்டு நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார்.

"ரயிலைப் பிடிச்சிடலாமாண்ணா?"

"சிக்னல் என் வீட்டுல இருந்தா சொல்வேன்கா. ஸ்வல்ப கெட்டியாப் புடிச்சுக்குங்க."

பிடித்துவிட்டேன். பங்காருப்பேட்டை வரை குளிர்ந்த காற்று கூட வந்தது. ஜோலார்பேட்டைக்குப் பிறகு நம் ஊர்க் காற்று. பெங்களூரில் நான் லால்பாக் பார்க்கவில்லை, மைசூர்பாகு வாங்கவில்லை. போய் வந்தவள் என்ன பார்த்தாள் என்று கேட்டால், ஒரு கிடங்கும், தகர வாசல் வைத்த ஒரு வீடும்தான்.

இரவு எட்டு மணிக்கு வில்லிவாக்கம் வந்தது. ஜன்னலை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் வீட்டில் விளக்கு இல்லை. அந்த நேரத்தில் ஒருநாளும் விளக்கில்லாமல் இருந்ததில்லை. காய்ச்சலாக இருக்கும், டாக்டரிடம் கொண்டுபோயிருப்பார்கள், நாம் போயிருக்கவே கூடாது என்று பேசின் பிரிட்ஜ் வரும்வரை என் மனம் எதையெல்லாமோ முடிவு செய்துகொண்டிருந்தது.

சென்ட்ரல் நடைமேடையில் ரயில் மெதுவானபோது என் கணவர் தெரிந்தார். பக்கத்தில் அத்தை. கணவர் தோளில் அபி. நான் ஊருக்குப் போகும் முன்பெல்லாம் அவர் குழந்தையை உடைந்துவிடும் பொருள்போல விறைப்பாகப் பிடிப்பார். இப்போது இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தார். அவர்கள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஆட்டத்துக்குப் பதினொரு விநாடி.

அபி நான்கு நாளில் வேறு ஆட்டத்துக்குப் பழகியிருந்தாள்.

இறங்கியதும் அவர் குழந்தையை நீட்டினார். "இந்தா, பிடி. பாதி தூக்கத்துல இருக்கா."

"கொஞ்சம் இருங்க. நீங்க எப்படி ஆட்டுறீங்கன்னு பாத்துக்கிறேன்."

"என்ன, ஒரே வாரத்துல மறந்துட்டியா?"

பார்த்துக்கொண்டேன். பிறகு வாங்கினேன். அபி கண்ணைத் திறந்து, ஊருக்குப் புதிதாக வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவர் ஆட்டிய வேகத்திலேயே ஆட்டினேன். கூட்டம் எங்களைச் சுற்றிப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் இறங்கியது. அப்போது ஆடிக்கொண்டிருந்தது அவருடைய வேகத்திலா, என் பழைய வேகத்திலா என்று எண்ணிப் பார்க்க நினைத்தேன். கடிகாரம் கட்டிய கை அவளுக்கு அடியில் இருந்தது.