மூணாம் நம்பர் வீட்டு ஆணி

கண்ணுகளா, போத்தனூர் லைன் வீடு நாலுக்கும் டூப்ளிகேட் சாவி எங்கேன்னு போன வாரம் கேட்டீங்க. என்கிட்ட இல்லை. ஏன் இல்லைன்னு எழுதிவைக்கிறேன். இனி அந்த வீடுகளைப் பார்த்துக்கப்போறது நீங்கதானே.

தொண்ணூறுகள்ல நான் சூலூர்ல ஒரு பம்பு ஒர்க்‌ஷாப்புல டர்னர். லேத்துல கடையற வேலை, கெணத்துப் பம்பு ரிப்பேருக்கும் போவேன். நாம அங்கேயே வாடகைக்குத்தான் குடியிருந்தோம். சீட்டு எடுத்து, போத்தனூர்ல நாலு சென்ட் வாங்கி, ஒரே வரிசையா நாலு வீடு கட்டினேன். வாடகைக்கு விடுறது எப்படின்னு எனக்குத் தெரியாது. எங்க ஹவுஸ் ஓனர் எங்களுக்குப் போட்ட கண்டிஷனையே நானும் போட்டேன். முதல் கண்டிஷன், சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது.

மூணாம் நம்பர்ல ஸ்டெல்லா டீச்சர் குடும்பம். டீச்சரோட வீட்டுக்காரருக்கு ரயில்வேயில வேலை.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. மொட்டைமாடி ஒழுகுதான்னு பார்க்க மறுநாள் காலையில பஸ் ஏறிப் போனேன். மூணாம் நம்பர் பூட்டியிருந்தது. சர்ச்சுக்குப் போயிருந்தாங்க. டூப்ளிகேட் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போயிட்டேன். ஒழுகலை. ஆனா ஹால் சுவத்துல ஒரு ஆணி, அதுல ஒரு பெரியவர் படம். ஆணியைச் சுத்திப் பூச்சு பேர்ந்திருந்தது. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

படத்தைக் கழட்டிக் கட்டில் மேல கவுத்து வெச்சேன். ஆணியைப் பிடுங்கினேன். கடையில வெள்ளை சிமெண்ட் வாங்கிட்டு வந்து ஓட்டையை அடைச்சேன். கீழே விழுந்த தூளைக்கூடக் கூட்டி அள்ளினேன். நல்ல காரியம் பண்ணின நினைப்பு.

பூட்டும்போதே அவங்க வந்துட்டாங்க. டீச்சர் உள்ளே போய், படத்தை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னாங்க.

"ஏனுங்ணா, நாங்க இல்லாதப்ப உள்ள வந்தீங்களா?"

"என்ர ஊடுதானுங்களே டீச்சர்."

"அப்புறம் எங்களுக்கு எதுக்குங்க வாடகைக்கு உட்டீங்க?" குரல் உசரவே இல்லை. "எங்கப்பாவுக்கு இந்த ஒரு படந்தானுங்க இருக்குது. இதப் போயி கவுத்துப் போட்டிருக்கீங்க. ஆனி மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிக்கறமுங்க."

ஆடியில யாரும் புதுசாக் குடிவரமாட்டாங்க. வீடு பூட்டிக் கெடக்கும். அதைத்தான் உங்கம்மாகிட்ட வந்து பொலம்பினேன்.

"ஆடி கெடக்குது உடுங்க. நம்ம ஓனரு இப்படிப் பூந்து உங்கப்பா படத்தைக் கழட்டியிருந்தா?"

"சண்டைக்குப் போயிருப்பேன்."

"பம்பு கழட்டப் போனாக்கூடத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுட்டுத்தானே கெணத்துல எறங்குவீங்க? அந்த அறிவு அங்க எங்க போச்சு?"

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்துல லேத்துல தேக்குக் கட்டை கடைஞ்சேன். சுவத்துல துளை போட்டு அந்தக் கட்டையை அடிச்சு, அதுல ஸ்க்ரூ முடுக்கினா பூச்சு பேராது. அடுத்த ஞாயிறு சர்ச் முடியற நேரம் பார்த்துப் போனேன். கதவைத் தட்டிட்டு, படியிறங்கி நின்னேன்.

"மறுபடியும் ஒழுகுதான்னு பாக்க வந்தீங்களா?"

"இல்லீங்க டீச்சர். அய்யா படத்தை எங்க மாட்டோணும்னு சொல்லுங்க."

டீச்சர் வீட்டுக்காரர், "உள்ள வாங்க, ஏன் வெளிய நிக்கறீங்க?"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீச்சர் வாசலுக்கு நேர் சுவத்துல விரல் வெச்சாங்க. கை டிரில்லால துளை போட்டு, கட்டை அடிச்சு, ஸ்க்ரூ முடுக்கினேன். படத்தை அவங்களே மாட்டினாங்க. டூப்ளிகேட் சாவியை ஸ்டூல் மேல வெச்சேன்.

"இதும் உங்களுதுதானுங்க."

காலி பண்ற பேச்சை அவங்களும் எடுக்கலை. எனக்கும் கேக்க வாய் வரலை.

ஆடி முதல் ஞாயிறு. போத்தனூர்ல இறங்கி நடந்தேன். தூரத்துலயே தெரிஞ்சது, மூணாம் நம்பர் வாசல் கொடியில ரயில்வே யூனிஃபார்ம் சட்டை காயுது. டீச்சர் எட்டிப் பார்த்து, "டீ குடிச்சுட்டுப் போங்ணா"ன்னாங்க.

சொந்த வீடு கட்டிப் போற வரைக்கும் அங்கேதான் இருந்தாங்க. போகும்போது ரெண்டு சாவியும் கொடுத்தாங்க. ஸ்க்ரூவைக் கழட்டலை. அடுத்து வந்தவங்களுக்கு ரெண்டு சாவியையும் கொடுத்துட்டேன். மத்த மூணு வீட்டுக்கும் அப்படித்தான்.

மழை பெஞ்சா போய்ப் பாருங்க. பார்க்கலைன்னா வீடு கெட்டுப்போகும். ஆனா கதவைத் தட்டிட்டு, ஒரு படி இறங்கி நில்லுங்க.