நான்கு ஜில்லாக்களில் பிறந்த குடும்பம்

போர்ச்சுகலின் வடபகுதியில் ஒரு சின்ன ஊர். இங்கே ரொட்டி வாங்கப் போனால்கூட, கடைக்காரப் பெண்மணி "நீ எந்த ஃப்ரெகெசியா?" என்று கேட்கிறார். நம்மூர் ஊராட்சி மாதிரி அது ஒரு சிறு பிரிவு. அதற்கு மேலே தாலுகா மாதிரி கொன்செல்யு, அதற்கும் மேலே ஜில்லா மாதிரி டிஸ்த்ரித்து. எந்தப் படிவத்திலும் இந்த ஏணியில் ஏறித்தான் ஆக வேண்டும். வெள்ளகோவிலில் இருந்தவரை யாராவது கேட்டால் "திருப்பூர் பக்கமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தவன் நான். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பார்த்த அனுபவத்தை நம்பித்தான் இங்குள்ள ஆலையில் வேலை கொடுத்தார்கள். அன்று யாரும் ஜில்லா கேட்கவில்லை.

மனைவி கவிதாவையும் மகளையும் அழைத்துவர விண்ணப்பித்தபோதுதான் கேட்டார்கள். இரண்டு வருடங்களாக அவர்களை நான் போனில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியேற்ற அலுவலகப் பெண்மணி கவிதாவின் மூன்று தாள்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். பிறப்புச் சான்றில் பெரியார் மாவட்டம். திருமணச் சான்றில் ஈரோடு. பாஸ்போர்ட்டில் திருப்பூர்.

"எப்போது இடம் மாறினார்?"

"மாறவில்லை. ஒரே ஊர், வெள்ளகோவில். மாவட்டம்தான் மாறியது."

என் அரைகுறைப் போர்த்துகீசில் அது எப்படிக் கேட்டதோ, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாவட்டம் நடக்காது, ஐயா." பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினார். தமிழ்நாட்டின் மாவட்டப் பட்டியல். பெரியார் என்று ஒன்று அதில் இல்லை. இல்லாத இடத்தில் பிறந்ததாக ஒரு சான்று. அது போலியாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டார். மூன்று பெயரும் ஒரே ஊருக்கு உரியவைதான் என்று அரசு முத்திரையோடு கடிதம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. என் மனைவி பிறக்கவே இல்லை என்று யாரோ சொன்னது போலிருந்தது.

கவிதாவிடம் போனில் சொன்னேன். "ஏனுங்க, அப்ப நான் மூணு பேருங்களா?" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

என் அப்பா அவளிடமிருந்து போனை வாங்கினார். "நான் பொறந்தப்ப அது கோயமுத்தூர் ஜில்லா கண்ணு. ஊடு ஒரு அடி நவுருல."

நான்காவதாக ஒரு ஜில்லா! "அதைய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கப்பா" என்று பதறினேன்.

அப்பா காங்கேயம் தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை நடந்தார். கடைசியில் கடிதம் வந்தது: பழைய கோவையிலிருந்து பெரியார் பிரிந்தது, அதற்கு ஈரோடு என்று பெயர் மாறியது, அதிலிருந்து காங்கேயம் பக்கம் திருப்பூரோடு சேர்ந்தது. மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்மணி இரண்டு முறை படித்தார். முத்திரையை எடுத்தவர், சற்றுத் தயங்கி, "நான் பிறந்த ஃப்ரெகெசியாவையும் பக்கத்து ஊரோடு இணைத்துவிட்டார்கள். அந்தப் பெயரும் இப்போது கிடையாது" என்றார்.

அன்று சான்று போலியாக இருக்கலாம் என்று கேட்டதைவிட இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. "பிறகு ஏன் என்னை நம்பவில்லை?"

"என் ஊர் எனக்குத் தெரியும். உங்கள் ஊர் தெரியாதே."

கோபம் வரவில்லை. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வீரபாண்டியில் என்னோடு கட்டிங் மேசையில் நின்றவர்களை "எந்த ஊருப்பா?" என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லோருமே எனக்கு இந்திக்காரர்கள்தான்.

கவிதாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். சில வாரங்களில் கவிதாவின் குடியிருப்பு அட்டை தபாலில் வந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். பெரியாரும் இல்லை, ஈரோடும் இல்லை, திருப்பூரும் இல்லை. இந்தியா என்ற ஒற்றைச் சொல். இதற்காகவா அந்த மனிதர் ஐந்து முறை நடந்தார்?

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "அட்டையில எந்த ஜில்லான்னு போட்டுருக்காங்க கண்ணு?"

கவிதா என்னைப் பார்த்தாள். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

"வெள்ளகோவில்னே போட்டிருக்குதுங்கப்பா" என்றேன்.