எம்.பி. கை நனைத்த கதை

என் அடுப்படியை ஒட்டி, அம்மிக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவில், ஒருநாள் காலையில் சில பேர் வந்து கல் நட்டார்கள். தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல். என்னவென்று கேட்டால், மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில் வரைக்கும் ரோப் கார் விடப்போகிறார்களாம், மத்திய அரசுத் திட்டமாம், ஆட்கள் ஏறுகிற ஸ்டேஷன் எங்கள் வீடு இருக்கும் இடத்தில் வருகிறதாம். "அப்போ ஊடு?" என்றேன். கல் நட்டவர் கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊடு இதுல இல்லீங்களே" என்றார். நான் அந்த வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் வீடு. ஓட்டு வீடு, கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருப்பது இவ்வளவுதான். அவர் சாதுவான மனிதர். "சேர்வராயன் பாத்துக்குவான், விடு" என்றார். "அவனைப் பாக்கப் போறதுக்குத்தானே நம்ம ஊட்டை இடிக்கறாங்க, அவன் எப்படிப் பாத்துக்குவான்?" என்றேன். அவர் மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் எம்.பி. எதிர்க்கட்சிக்காரர். நல்ல வாட்டசாட்டமான ஆள். கல் விஷயம் கேள்விப்பட்டு வந்தவருக்கு ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டேன். களியை விழுங்கிக்கொண்டே, "பார்லிமெண்ட்ல கிழி கிழின்னு கிழிச்சுப்போடறேனுங்க அக்கா" என்றார்.

"கிழிக்கவெல்லாம் வேண்டாங்க" என்றேன். "எங்க ஊட்டு அடுப்படியில எதுக்குக் கல்லு நட்டீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. போதும்."

கேட்டார். அதைப் பொய் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். ஊரே அங்கே கூடி, ஒரு போனைத் தூணில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். எம்.பி. எழுந்து மலை, மக்கள், வரலாறு என்று கொஞ்ச நேரம் சுற்றினார். பிறகு என் கேள்வியை அப்படியே கேட்டார், தமிழில், அடுப்படி என்ற சொல்லோடு. என் அடுப்படி டெல்லி வரைக்கும் போய்விட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரி எழுந்து இந்தியில் பதில் சொன்னார். நெடுநேரம் சொன்னார். யாருக்கும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. "மூஞ்சியைப் பாத்தா எறங்கி வர்ற மாதிரித்தான் தெரியுது" என்றார் ஊர்க்கவுண்டர். ஊர் வழக்குகளைத் தீர்த்து வைப்பவர் அவர்தான்.

சாயங்காலம் எம்.பி.யின் ஆட்களே போனில் ஒரு போட்டோ அனுப்பினார்கள். நாடாளுமன்றக் கேன்டீன். ஒரே மேஜையில் எம்.பி.யும் மந்திரியும், நடுவில் ஒரே தட்டு. மந்திரி வடையைப் பிய்த்து நீட்டுகிறார், நம்மவர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்கிறார். கீழே 'அரசியல் நாகரிகம்' என்று போட்டிருந்தார்கள்.

மற்றவர்களுக்கு இது சாதாரணப் படம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. இரண்டு பேருக்குள் வழக்கு என்றால், அது தீரும்வரை ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்க மாட்டார்; ஒரே பந்தியில்கூட உட்கார மாட்டார். தீர்ந்த பிறகு ஊர்க்கூட்டத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே சட்டியிலிருந்து சோறு போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் வழக்கு முடிந்தது, பிறகு யாரும் கிளறக் கூடாது. ஒரு பலாமரத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பியே இப்படி முறைத்துக்கொண்டே களி தின்று ஒன்று சேர்ந்திருக்கிறார்கள்.

ஊர்க்கவுண்டர் போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "கை நனைச்சுட்டாங்க. அதுலயும் மந்திரி தன் கையால குடுக்கறாரு பாருங்க. தப்பு தன் மேலன்னு ஒத்துக்கிட்டாரு. வழக்கு முடிஞ்சுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடப்பாரையோடு முதலில் ஓடியவள் நான்தான். என் கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக்கொண்டேன். மற்றவர்களும் அவரவர் காப்பிக் காட்டில் நட்டிருந்த கல்லைப் பிடுங்கினார்கள். ஊருக்கே பாயசம் வைத்தேன். சேலத்தில் வேலை பார்க்கும் என் மகள் போனில் கூப்பிட்டு, "அம்மா, டெல்லியில எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்து சாப்பிடுவாங்க. அதை நம்பிக் கல்லைப் புடுங்கிப்போடாதீங்க" என்றாள். "நாலு எழுத்துப் படிச்சுட்டா ஊர் முறை இல்லாமப் போயிடுமா கண்ணு? போனை வை" என்றேன்.

கொஞ்ச நாளில் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். கல்லெல்லாம் எங்கே என்றார். ஊர்க்கவுண்டர் கம்பீரமாகப் போட்டோவைக் காட்டி, முறையை விளக்கினார். தாசில்தார் போட்டோவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, "மழை முடிஞ்சதும் வேலை ஆரம்பிக்கும்னுதானுங்க மந்திரி அன்னிக்குச் சொன்னாரு" என்றார்.

சோப்பு நுரைகூடக் காயாத என் கல்லைப் பழைய குழியிலேயே திரும்ப நட்டார்கள். இந்த வயதில் எங்கே போய் இன்னோர் அடுப்பு மூட்டுவது? ஆனால் கோபம் என்னவோ மந்திரி மேல் வரவில்லை. எதிராளி எதிராளி வேலையைத்தானே செய்வான். வடையை வாங்கித் தின்ற நம்மாள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சேர்வராயன் திருவிழாவுக்கு வந்த எம்.பி., குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கை கழுவி உட்கார்ந்தார். இலை போட்டேன், தண்ணீர் தெளித்தேன், அதோடு நின்றுவிட்டேன்.

"அக்கா, சோறுங்க?"

பக்கத்தில் இருந்த ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, வழக்கு முடியறதுக்கு முன்னாடியே எதிராளி தட்டுல கை வெச்சுட்டீங்க. இனி அது முடியற வரைக்கும் இந்த மலையில உங்களுக்கு யாரும் சோறு போட மாட்டாங்க. முறைங்க, கோவிச்சுக்காதீங்க."

எம்.பி. சிரித்தார். "அங்கெல்லாம் அப்படித்தானுங்க. சபையில சண்டை போடுவோம், வெளியில வந்தா சிநேகம். அதுதானுங்க ஜனநாயகம்."

"நாங்க வெளியில சண்டை போடுவோம், சபையிலதானுங்க சிநேகம்" என்றேன். "எந்திரிங்க, இலையை எடுக்கணும்."

பக்கத்திலிருக்கும் கிளியூருக்குப் போனார். சேதி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. காப்பி விளைகிற மலையில் ஒரு வாய்க் காப்பி கிடைக்காமல் மனிதர் சேலத்துக்கு இறங்கிப் போனார்.

பசிக்குப் பயந்தாரோ ஓட்டுக்குப் பயந்தாரோ, அடுத்த கூட்டத்தொடரில் எப்போது பார்த்தாலும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் அடுப்படி, மைக்கை அணைத்தாலும் அடுப்படி. ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, கேன்டீன்ல இருக்கேனுங்க. மந்திரி தட்டை என் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்காரு. நான் தொடலீங்க. ஏன்னு கேட்டாரு, உங்க முறையைச் சொன்னேன். நொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் அதிகாரியைக் கூப்பிட்டு வரைபடத்தைக் கொண்டாரச் சொன்னாரு. ஸ்டேஷனைக் கீழ புறம்போக்கு நெலத்துக்கு மாத்திடறாராமா. இப்போ சாப்பிடலாமான்னு கேக்கறாருங்க."

சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனாலும் வடையை நம்பி ஒருமுறை மோசம் போனவள் இல்லையா?

"சபையில எந்திரிச்சு நின்னு சொல்லச் சொல்லுங்க. அதுவரைக்கும் ரெண்டு பேருமே தொட வேண்டாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சோற்றை இறக்கினேன். அவர்கள் தொடாத வரைக்கும் நானும் தொடுவதில்லை என்று மூடி வைத்தேன். என் வீட்டுக்காரரும் சாப்பிடாமலே தன் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் மந்திரி எழுந்தார். இந்தியில் பேசினார். வழக்கம்போல் ஒன்றும் விளங்கவில்லை. இந்தத் தடவை ஊர்க்கவுண்டர்கூட மூஞ்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. மந்திரி உட்கார்ந்ததும் எம்.பி. கேமரா பக்கம் திரும்பினார். நாடே பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து விரலையும் குவித்து, சோறு உண்பதுபோல் வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் தண்ணீர்த் தொட்டியடியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, "எந்திரி, பசிக்குது" என்றார்.