பதினோராவது கேள்வி

காலை ஐந்து நாற்பதுக்கு ஜெபல் அலியில் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆகஸ்ட் மாதம். வெளியே கால் வைத்ததுமே புழுக்கத்தில் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. அல் குபைபா வரை மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து அல் ஐனுக்குப் பேருந்து. கட்டணம் இருபத்தைந்து திர்ஹம், தூரம் நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அந்த ஊருக்குப் போகிறவர்கள் மலையையும் பேரீச்சந்தோப்பையும் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு சலவைக்கடையில் உட்கார்ந்து, டெல்லியில் நாடாளுமன்ற மேலவை நடப்பதைக் கைபேசியில் பார்க்க.

அந்தக் கடையில் இஸ்திரி போடுபவர் கதிரேசன். ராமநாதபுரம் பக்கம். முன்பு நாலு வருஷம் என் அறையில் இருந்தவர். அவருடைய தம்பி செல்வம் சரக்கு லாஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, எட்டு மாதத்துக்கு முன் வேறு ஆறு பேரோடு கடலில் போனார். லாஞ்சு போய்ச் சேரவில்லை, திரும்பவும் இல்லை. உடல் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. கிடங்கில் எனக்குக் காகித வேலை, ஆங்கிலம் எழுத வரும். அதனால் மனுக்களை நான்தான் எழுதினேன். எத்தனையோ மனு போட்டும் எதுவும் அசையவில்லை, கடைசியில் மேலவை உறுப்பினர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. அவையில் கேட்கிறேன் என்றார். குலுக்கலில் அவர் கேள்வி தேறி, அன்றைய பட்டியலில் பதினோராவதாக வந்தது. அதைப் போனில் சொன்னபோது கதிரேசன் அழுதுவிட்டார். தனியாக உட்கார்ந்து அவர் பார்க்க வேண்டாம் என்று லீவு போட்டேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு கொத்தனார், புதுக்கோட்டைக்காரர். அல் ஐனில் சைட் மாற்றியிருக்கிறார்கள் என்றார். என் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"பார்லிமென்ட்டுலயே கேட்டுட்டா மந்திரி பதில் சொல்லித்தானண்ணே ஆவணும்?"

"ஆமா" என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒன்பது இருபதுக்கு அல் ஐன். நிலையத்திலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. கதிரேசன் வாசலிலேயே நின்றார். மெலிந்திருந்தார்.

"வாங்கண்ணே, சாப்ட்டீகளா?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பாக்கியத்துட்டச் சொல்லிட்டேன். அங்க டிவி முன்னாடி உக்காந்துருக்காக."

பாக்கியம் செல்வத்தின் மனைவி. உடல் இல்லாமல் இறப்புச் சான்று இல்லை. ஏழு வருஷம் போக வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் ஒரு பேச்சு, போகாவிட்டால் ஒரு பேச்சு.

பத்தரைக்குக் கேள்வி நேரம் தொடங்கியது. இந்தியாவில் அப்போது பன்னிரண்டு. இஸ்திரி மேசையின் ஓரத்தில், மடித்த வெள்ளைக் கந்தூராக்களின், அரபிகளின் நீள அங்கிகளின், மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தோம். சிவப்புக் கம்பளம், அரைவட்டமாக இருக்கைகள், உயரத்தில் அவைத்தலைவர். முதல் கேள்வி ரயில் பாதை பற்றி. மந்திரி இந்தியில் நீளமாகப் பதில் சொன்னார். துணைக்கேள்வி, அதற்கொரு பதில். இரண்டாவதில் கூச்சல் எழுந்து, அது அடங்கவே பத்து நிமிடம் போயிற்று.

"இப்ப நம்மளுதாண்ணே?"

"இல்ல கதிரேசா, ரெண்டுதான் முடிஞ்சிருக்கு."

அவர் துணியைத் தேய்த்தபடியே இருந்தார். மூன்றாவது, மருத்துவக் கல்லூரிகள். நான்காவது, தேங்காய் விலை. கேமரா ஒருமுறை பின்வரிசைப் பக்கம் திரும்பியபோது எங்கள் உறுப்பினர் தெரிந்தார். கையில் ஒரு தாள். கதிரேசன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, திரையில் அவர் முகத்தை நோக்கிக் கும்பிட்டார்.

பதினொன்றரைக்கு, ஐந்தாவது கேள்விக்கு ஒருவர் எழுந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, கேள்வி நேரம் முடிந்தது என்று தலைவர் அறிவித்தார். உறுப்பினர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். எங்களவரும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"சாப்பாட்டுக்கு விட்ருக்காகளா?" என்றார் கதிரேசன்.

அவ்வளவுதான், இனி நம் கேள்வி வராது என்று சொன்னேன். வராத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைப்பார்கள், அதைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர் ரஷீத், "க்யா ஹுவா, பாய்?" என்று விசாரித்தார்.

"மாஃபி, பாய். கலாஸ்" என்றார் கதிரேசன். ஒன்றுமில்லை, முடிந்துபோயிற்று என்று அரபியில்.

பதில் இணையத்தில் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. இரண்டு பக்கம். வளைகுடாக் கடலில் சிறு சரக்குக் கப்பல்களில் பணிபுரியும் இந்தியர்களின் பாதுகாப்பு குறித்து, என்று கேள்வி பொதுவாக மாறியிருந்தது. காணாமல் போனவர்கள் விவரம் என்ற பகுதிக்கு நேரே ஒரே வரி: தகவல் திரட்டப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்.

தமிழில் படித்துச் சொன்னேன். கதிரேசன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஆங்கில எழுத்துகளில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"தம்பி பேரு எங்கண்ணே இருக்கு?"

"இல்ல."

"லாஞ்சு பேரு?"

"அதுவும் இல்ல கதிரேசா."

அவருடைய போன் அடித்தது. பாக்கியம். எடுத்து என்னிடம் நீட்டினார்.

"டிவியில ஒண்ணும் சொல்லலையேண்ணே" என்றது அந்தக் குரல். "நீங்க படிச்சவுக. மறைக்காமச் சொல்லுங்க. அவுக வருவாகளா, மாட்டாகளா?"

மனுக்களில் எத்தனை வாக்கியம் எழுதியிருப்பேன். "தெரியலம்மா" என்றேன். அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணிப் பேருந்துக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்த கதிரேசன் என்னைத் தடுத்தார்.

"சட்டையக் கழட்டுங்கண்ணே. கசங்கிக் கெடக்கு."

"பரவால்ல, விடு."

"கழட்டுங்கண்ணே."

பனியனோடு நின்றேன். காலர், கை, முதுகு என்று அவசரப்படாமல் தேய்த்தார். ஒரு சுருக்கம் போகாமல் அடம்பிடித்தது. தண்ணீர் தெளித்து மறுபடியும் தேய்த்தார். அவர் கண்ணிலிருந்து விழுந்த துளியும் அதில் சேர்ந்து ஆவியாகியிருக்கும். நான் பார்க்காததுபோல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே" என்றார். "நீங்க எழுதுற ஒவ்வொரு தடவையும் வீட்டுல அவனுக்கும் சேத்து ஒல வைக்காக."

சட்டையை மாட்டிவிட்டு, பொத்தான்களையும் அவரே போட்டார். பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது முதுகில் அந்தச் சூடு இருந்தது. குளிர்காற்று நேராக என்மேல் வீசியது. ஊர் எல்லை வருவதற்குள் சூடு ஆறிவிட்டது. வெளியே துபாய் வரைக்கும் மணல்தான்.